ஒரு சறுக்கலும் 105 ஆட்டங்களும்



போன வாரம் நம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி சின்னக் காணொளி ஒன்றைப் போட்டிருந்தார். கறுப்பு வெள்ளைப் படம். பத்து விநாடிகூட இருக்காது. கொஞ்சம் தடித்த உடம்புக்காரர் ஒருவர் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் பந்தோடு நிற்கிறார். எதிரணி ஆட்டக்காரர் வேகமாக ஓடிவந்து காலை நீட்டிச் சறுக்குகிறார். அதற்குள் இவர் உள்ளங்காலால் பந்தைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறார். சறுக்கியவர் பந்து இல்லாத இடத்தில் போய் விழ, இவர் அடுத்த நொடியே பந்தை வலைக்குள் அடிக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "சார், கோல் போட்டவர் புஷ்காஷ், தெரியும். விழுந்தவர் யார் சார், பாவம்?" என்று கேள்வி.

"பில்லி ரைட். அன்றைய இங்கிலாந்து கேப்டன்" என்று பதில் போட்டேன். "கேப்டனே இப்படியா!" என்று இன்னும் நாலு சிரிப்புப் பொம்மைகள் வந்தன. சிரித்ததில் தப்பில்லை, நானும்தான் முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். ஆனால் ஒரு மனிதர் இருபது வருடம் ஆடிய ஆட்டத்தில் பத்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, அதுதான் அவர் என்று வைத்துக்கொண்டால் நியாயமா? அந்தத் தம்பிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. உங்களுக்குத்தான் தெரியுமே, பாடவேளை முடிந்து மணி அடித்தபிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஆள் நான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் ஆம்ப்ரோஸ் ரைட் 1924 பிப்ரவரி 6 அன்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் அயர்ன்பிரிட்ஜ் என்ற ஊரில் பிறந்தார். உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் கட்டப்பட்டதால் அந்தப் பெயர் வந்த ஊர். வரலாற்றுப் பாடத்தில் தொழிற்புரட்சி நடத்தும்போது அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், யாருக்காவது நினைவிருக்கிறதா? 1938ல், பதினான்கு வயதில், வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் கிளப்பில் மைதான வேலைப் பையனாகச் சேர்ந்தார். அந்தக் கிளப்பைச் சுருக்கமாக வுல்வ்ஸ் என்பார்கள். மைதான வேலைப் பையன் என்றால் புல் சீராக்குவது, பார்வையாளர் படிகளைப் பெருக்குவது, பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைப்பது. நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் பயிற்சி.

அப்போது மேனேஜராக இருந்தவர் மேஜர் ஃபிராங்க் பக்லி. கண்டிப்புக்குப் பேர்போனவர். சில மாதம் பார்த்துவிட்டு, "நீ ரொம்பக் குள்ளம், இந்த ஆட்டத்துக்குச் சரிப்பட மாட்டாய்" என்று பையனை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். பிறகு மனம் மாறி வைத்துக்கொண்டார். முழுதாக வளர்ந்தபின்னும் ரைட்டின் உயரம் 5 அடி 8 அங்குலம்தான். நம் ஊரில் இது சராசரிக்கு மேல். ஆனால் ஆறடி ஆட்கள் முட்டி மோதும் இங்கிலாந்துப் பின்களத்துக்கு இது குறைவு. இந்த உயரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

1939ல் போர் மூண்டது. வழக்கமான லீக் நின்றுபோய், போர்க்கால ஆட்டங்கள் மட்டும் நடந்தன. கொஞ்ச காலம் லெஸ்டர் சிட்டிக்கு விருந்து ஆட்டக்காரராக ஆடினார். 1942ல் கணுக்கால் முறிந்தது. அந்தக் காலத்தில் அது பல பேருக்கு ஆட்டத்தையே முடித்துவைக்கும் காயம். தேறி வந்து, ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியரானார். (பார்த்தீர்களா, எங்கள் இனம்!) முறையான லீக் 1946ல் மறுபடி தொடங்கியபோது அவருக்கு 22 வயது. அந்த ஆண்டு செப்டம்பரில் பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு முதல் ஆட்டம், 7-2 என்று வெற்றி. இரண்டு வருடம் கழித்து, 1948 அக்டோபரில், கேப்டன். அந்தச் செய்தி அவருக்குக் கிடைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பயிற்சி முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார். கண்டக்டர் அம்மா மாலைப் பத்திரிகையில் பார்த்ததைச் சொல்லி வாழ்த்துகிறார். இங்கிலாந்து கேப்டனுக்குத் தான் கேப்டன் என்று பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிகிறது! இன்று இப்படி நடக்குமா? இன்றைய கேப்டன் பஸ்ஸில் வருவாரா என்பதே முதல் கேள்வி.

இனி அவர் ஆட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அந்தக் கால ஆட்ட அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கால்பந்து பார்க்காத உறவினர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், அத்தைமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1925 வரை ஆஃப்சைடு விதிப்படி, பந்தை வாங்கும் முன்கள ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும். 1925ல் அதை இரண்டாகக் குறைத்தார்கள். கோல் மழை பெய்யத் தொடங்கியது. அதைத் தடுக்க, ஆர்சனல் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மேன் போன்றவர்கள் நடுக்களத்தில் உலாவிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு ஃபுல் பேக்குகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். பெயர் 'ஹாஃப்' என்றே இருந்தது, வேலை மட்டும் முழுத் தடுப்பு. அவருக்குச் சட்டை எண் 5. எதிரணியின் 9ஆம் எண் சென்டர் ஃபார்வர்டை அவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் 4, 6 எண் ஹாஃப் பேக்குகள், எதிரணியின் 'இன்சைட்' ஆட்டக்காரர்கள் இருவரை இவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆள் கணக்கு. மேலிருந்து பார்த்தால் அணி நிற்பது ஆங்கில எழுத்து டபிள்யூவும் எம்மும் போலத் தெரியும். இங்கிலாந்தில் கால் நூற்றாண்டு எல்லாரும் இப்படியே ஆடினார்கள். எண்ணைப் பார்த்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிந்துவிடும். வாய்ப்பாடு மாதிரி.

ரைட் முதல் எட்டு வருடம் ஆடியது 4ஆம் எண்ணில், ரைட் ஹாஃப் இடத்தில். அவர் கலைஞர் அல்ல. பந்தை வைத்து வித்தை காட்டுவது, நாலு பேரைத் தாண்டுவது எல்லாம் கிடையாது. ஓயாமல் ஓடுவார். சரியான நேரத்தில் காலை வைத்துப் பந்தைப் பிடுங்குவார். பிடுங்கியதும் பக்கத்தில் இருக்கும் நல்ல ஆட்டக்காரரிடம் எளிமையாகக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்து நிற்பார். தனக்கு எது வரும், எது வராது என்று தெரிந்த ஆள். வகுப்பில் இப்படிச் சிலர் இருப்பார்கள். பேச்சுப் போட்டிக்கு வர மாட்டார்கள், ஓவியப் போட்டியிலும் இல்லை, ஆனால் விளையாட்டு விழா முடிந்த மாலையில் பந்தல் கம்பைப் பிடுங்கும்போது திரும்பிப் பார்த்தால் நிற்பது அவர்கள்தான்.

முரட்டு ஆட்டமும் கிடையாது. அந்தக் காலத்துக் கால்பந்து மென்மையானது என்று நினைக்காதீர்கள். கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ், மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும் தோல் பந்து, தோளால் இடித்துத் தள்ளுவதற்கு விதியிலேயே இடம். காயம்பட்டால் மாற்று ஆள் இறங்க முடியாது, நொண்டிக்கொண்டே ஆட வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஆட்டத்தில், அதுவும் தடுப்பாட்டக்காரராக, வுல்வ்ஸுக்கு 541 ஆட்டம், இங்கிலாந்துக்கு 105 ஆட்டம் ஆடியும் அவர் ஒருமுறைகூட நடுவரால் வெளியேற்றப்படவில்லை, எச்சரிக்கையும் வாங்கவில்லை. என்னைக் கேட்டால், கோப்பைகளைவிடப் பெரிய கணக்கு இது.

கோப்பைகளும் இல்லாமல் இல்லை. 1949ல் அவர் கேப்டனாக இருந்து வுல்வ்ஸ் எஃப்.ஏ. கோப்பை வென்றது, இறுதியில் லெஸ்டர் சிட்டியை 3-1 என்று. 1954, 1958, 1959 ஆண்டுகளில் லீக் பட்டம். மேனேஜர் ஸ்டான் கல்லிஸ், ரைட்டுக்கு முன்னால் அதே கிளப்பில் சென்டர் ஹாஃபாகவும் கேப்டனாகவும் இருந்தவர். நீண்ட பந்து, இரு ஓரத்திலும் பறக்கும் ஹேன்காக்ஸ், மல்லன், அசராத உடல்வலு, இதுதான் கல்லிஸின் வுல்வ்ஸ்.

வெற்றிகளை இவ்வளவு வேகமாகக் கடந்ததற்குக் காரணம் உண்டு. ரைட் கேப்டனாக இருந்தபோதுதான் இங்கிலாந்துக் கால்பந்தின் இரண்டு பெரிய அவமானங்களும் நடந்தன.

முதலாவது 1950 உலகக் கோப்பை, பிரேசில். இங்கிலாந்து கலந்துகொண்ட முதல் உலகக் கோப்பை. அதற்கு முந்தைய மூன்றுக்கும், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களுக்கு எதற்குப் போட்டி என்பதுபோல ஒதுங்கியே இருந்தார்கள். (அந்த 1950 போட்டிக்கு நம் இந்திய அணிக்கும் இடம் கிடைத்திருந்தது. நாம் போகவில்லை. அது தனிக் கதை, இன்னொரு நாள்.) சிலியை 2-0 என்று வென்றபின், ஜூன் 29 அன்று பெலோ ஹொரிசோன்டே நகரில் அமெரிக்காவுடன் ஆட்டம். அமெரிக்க அணியில் இருந்தவர்கள் வேறு வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். கோல்கீப்பர் பிண ஊர்தி ஓட்டியவர். இங்கிலாந்து திரும்பத் திரும்ப அடித்தும் பந்து உள்ளே போகவில்லை. ஜோ கேட்ஜென்ஸ் தலையால் தட்டிய ஒரே கோலில் அமெரிக்கா 1-0. அடுத்து ஸ்பெயினிடமும் தோற்று ஊர் திரும்பினார்கள். அந்த கேட்ஜென்ஸ் ஹெயிட்டி நாட்டுக்காரர். பின்னாளில் தாய்நாடு திரும்பி, 1964ல் டுவாலியர் ஆட்சியின் ரகசியப் போலீஸாரால் பிடித்துச் செல்லப்பட்டவர் திரும்ப வரவே இல்லை. ஒரு கோலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கோல் போட்டவரை மறந்துவிடுவதும் நடக்கிறது, பாருங்கள்.

இரண்டாவதுதான் நம் காணொளி. 1953 நவம்பர் 25, வெம்பிளி மைதானம், 1,05,000 பேர். எதிரே ஹங்கேரி. முந்தைய ஆண்டு ஒலிம்பிக் தங்கம் வென்று, மூன்று வருடத்துக்கும் மேலாகத் தோல்வியே காணாத அணி. இங்கிலாந்தோ ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் சொந்த மண்ணில் தோற்றதில்லை. ஆட்டத்துக்கு முன் நடந்ததை ரைட்டே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஹங்கேரிக்காரர்கள் கணுக்காலுக்குக் கீழே வெட்டிய லேசான பூட்ஸ் போட்டிருப்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஸ்டான் மார்ட்டென்சனிடம், இவர்களிடம் சரியான காலணிகூட இல்லை, கவலையில்லை என்கிற மாதிரிச் சொன்னாராம். ஒரு நிமிடம் முடிவதற்குள் ஹிடெகுட்டி முதல் கோல் அடித்துவிட்டார்.

அந்த ஹிடெகுட்டிதான் கணக்கைக் குழப்பியவர். சட்டையில் எண் 9. ஆனால் 9ஆம் எண் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கவில்லை. பின்னால் இறங்கி நடுக்களத்தில் ஆடினார். அவரைப் பிடிக்க வேண்டிய 5ஆம் எண், பிளாக்பூலைச் சேர்ந்த ஹாரி ஜான்ஸ்டன், என்ன செய்வார்? பின்னாலேயே போனால் கோலுக்கு எதிரே பெரிய பள்ளம். போகாவிட்டால் ஹிடெகுட்டி ஆளில்லாமல் உலாவுவார். இரண்டுமே நடந்தது. ஹிடெகுட்டி மட்டும் மூன்று கோல்.

இப்போது அந்தப் பத்து விநாடிக்கு வருவோம். காணொளியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். பந்தைக் கொடுக்கிறவர் சிபோர், ஹங்கேரியின் இடது ஓர ஆட்டக்காரர். ஆனால் அவர் வலப்பக்கத்திலிருந்து கொடுக்கிறார். வாங்குகிறவர் புஷ்காஷ், இடது இன்சைட், எண் 10. அவரும் வலப்பக்கம் வந்து நிற்கிறார். வாய்ப்பாட்டின்படி 10ஆம் எண்ணைப் பிடிக்க வேண்டியவர் 4ஆம் எண் ரைட். அவருடைய ஆள் அவருடைய பக்கத்தில் இல்லை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கும் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் இல்லாத இடத்தில் புஷ்காஷ் நிற்கிறார் என்று தெரிந்ததும் ரைட் குறுக்கே ஓடி வருகிறார். ஓடி வருவதைத் தவிர வேறு வழியில்லை, விட்டால் நேராக கோல். முழு வேகத்தில் வருகிறார், சறுக்குகிறார், புஷ்காஷ் பந்தை இழுத்துக்கொள்கிறார். மறுநாள் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் ஜெஃப்ரி கிரீன், வேறெங்கோ தீப்பிடித்திருக்க, தப்பான இடத்துக்குப் பறக்கும் தீயணைப்பு வண்டிபோல ரைட் போனார் என்று எழுதினார். எழுபது வருடமாக அந்த உவமை அவரை விடவில்லை.

தப்பே அவரிடம் இல்லை என்று வாதாட மாட்டேன். தடுப்பாட்டக்காரர் கடைசி நொடியில் கொஞ்சம் நிதானித்து, காலில் நின்றபடியே ஆளை ஓரத்துக்குத் தள்ளியிருக்கலாம். இந்தக் காலப் பயிற்சியாளர்கள் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் அவர் அங்கே வந்து சறுக்க நேர்ந்ததே, கால் நூற்றாண்டு மாறாத வாய்ப்பாட்டை ஒரு நாடே மனப்பாடம் செய்துகொண்டு, வெளியில் உலகம் மாறியதைக் கவனிக்காமல் இருந்ததால்தான். ஆட்டம் 6-3. அடுத்த மே மாதம் புடாபெஸ்டில் மறு ஆட்டம், 7-1. அதாவது ஆறு மாதம் கழித்தும் பாடம் படிக்கவில்லை.

இந்த இடத்தில் வால்டர் வின்டர்பாட்டம் பற்றி ஒரு வார்த்தை. அவர்தான் இங்கிலாந்து அணியின் முதல் மேனேஜர். செஸ்டர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ வைத்திருக்கும் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் இருக்காதா? ஆனால் பாவம், அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. கால்பந்துச் சங்கத்தின் தேர்வுக் குழு பெயர்களைக் கொடுக்கும், இவர் அதை வைத்து ஆட வைக்க வேண்டும். வகுப்புக்கு யாரைச் சேர்ப்பது என்று வேறொருவர் முடிவெடுப்பார், தேர்ச்சி விகிதத்துக்கு மட்டும் ஆசிரியர் பொறுப்பு. நமக்குப் பழகிய விஷயம்தானே.

வெம்பிளியில் ஆடிய பதினொருவரில் ஆறு பேருக்கு அதுவே இங்கிலாந்துக்காக ஆடிய கடைசி ஆட்டம். அந்த ஆறு பேரில் ஒருவர் ஆல்ஃப் ராம்சி. அன்று பெனால்டியில் ஒரு கோல் அடித்தவர், பின்னாளில் மேனேஜராகி 1966ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையே வாங்கிக் கொடுத்தவர். ரைட்டையும் அன்றோடு அனுப்பியிருக்கலாம். வயது 29, கேலிப் பொருளாகிவிட்ட கேப்டன். அனுப்பவில்லை.

1954 ஜூனில் ஸ்விட்சர்லாந்தில் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் பெல்ஜியத்துடன் 4-4. அதில் சென்டர் ஹாஃப் சிட் ஓவனுக்கு அடிபட்டது. அடுத்து ஸ்விட்சர்லாந்துடன் ஆட்டம், 5ஆம் இடத்துக்கு ஆள் வேண்டும். ரைட்டைப் பின்னுக்கு இழுத்து அங்கே நிறுத்தினார்கள். 5 அடி 8 அங்குல சென்டர் ஹாஃப்! மேஜர் பக்லி அப்போது என்ன நினைத்திருப்பார் என்று யோசிப்பதுண்டு. அந்த ஆட்டம் 2-0 என்று வெற்றி. காலிறுதியில் உருகுவேயிடம் 4-2 என்று தோற்றாலும், அந்த இடம் அவருக்கே நிலைத்துவிட்டது. 1959 வரை.

குள்ளமான ஒருவர் ஆறடி சென்டர் ஃபார்வர்டுகளோடு உயரப் பந்துக்கு எப்படி ஈடுகொடுத்தார்? இரண்டு காரணம். ஒன்று, குதிக்கும் நேரம். எதிராளி குதித்தபின் குதித்தால் 5 அடி 8 அங்குலம் தோற்கும். பந்து வரும் வளைவை முன்கூட்டியே கணித்து, அவர் கிளம்புவதற்கு முன்பே மேலே போய்விட்டால், எதிராளி ஏறி வரும்போது இவர் நெற்றி பந்தில் பட்டிருக்கும். கட்டுமஸ்தான கால்கள் அதற்கு உதவின. இரண்டு, நிற்கும் இடம். ஹாஃப் பேக்காக எட்டு வருடம் பந்து கிளம்பும் இடத்தில் ஆடியவர் என்பதால், அது எங்கே போய் இறங்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாதி வேலை பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடும். எல்லா நாளும் வென்றார் என்றில்லை. 1954 நவம்பரில் வேல்ஸின் ராட்சதர் ஜான் சார்ல்ஸ் வெம்பிளியில் இரண்டு கோல் அடித்தார், இங்கிலாந்து தட்டுத்தடுமாறி 3-2 என்று ஜெயித்தது. ஆனால் அடுத்த மாதமே உலகச் சாம்பியன் மேற்கு ஜெர்மனியை 3-1 என்றும், 1956ல் பிரேசிலை 4-2 என்றும் வென்ற அணியின் நடுவில் நின்றவர் இவர்.

புஷ்காஷோடு மறுபடி சந்திப்பு நடந்ததா? நடந்தது. 1954 டிசம்பர் 13. புஷ்காஷ், கோச்சிஷ், சிபோர், போஜிக் என்று ஹங்கேரி அணியின் முதுகெலும்பு முழுவதும் ஆடிய ஹொன்வேட் கிளப், வுல்வ்ஸின் மோலினியூ மைதானத்துக்கு வந்தது. மின்விளக்கு வெளிச்சத்தில் நட்பு ஆட்டம். பெயருக்குத்தான் நட்பு. 5ஆம் எண்ணில் ரைட். இடைவேளைக்குள் ஹொன்வேட் 2-0 என்று முன்னிலை. மறுபடியும் அதே கதையா என்று ஊரே நினைத்திருக்கும். கல்லிஸ் ஒரு வேலை செய்திருந்தார். ஏற்கனவே டிசம்பர் மழையில் ஊறிய மைதானத்தில் இன்னும் தண்ணீர் விடச் சொல்லியிருந்தார். நேரம் போகப் போகச் சேறு இழுக்க, குட்டையான பாஸ்கள் நின்றன, ஹங்கேரிக்காரர்களின் கால்கள் கனத்தன. ஹேன்காக்ஸ் பெனால்டியில் ஒன்று, கடைசிக் கட்டத்தில் ஸ்வின்போர்ன் அடுத்தடுத்து இரண்டு. 3-2. தண்ணீர் விட்டது நியாயமா என்று கேட்டால், எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பாதியில் ஹொன்வேடுக்கு ஒரு கோல்கூட விழவில்லை. அதைத் தண்ணீர் மட்டும் செய்யவில்லை.

ஆங்கிலப் பத்திரிகைகள் வுல்வ்ஸை உலகச் சாம்பியன் என்று எழுதின. பிரான்ஸின் 'லெகிப்' பத்திரிகையாசிரியர் கேப்ரியல் ஹானோ, பொறுங்கள், மாஸ்கோவுக்கும் புடாபெஸ்டுக்கும் போய் ஜெயித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று பதில் எழுதி, ஐரோப்பியக் கிளப்புகளுக்கு என்று ஒரு போட்டி வேண்டும் என வாதாடினார். 1955ல் ஐரோப்பியக் கோப்பை பிறந்தது. இன்று நீங்கள் நள்ளிரவில் கண்விழித்துப் பார்க்கிறீர்களே சாம்பியன்ஸ் லீக், அதன் மூலம் இது.

1958 பிப்ரவரி 6, ரைட்டின் 34ஆவது பிறந்தநாள். அன்றுதான் மியூனிக்கில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் விமானம் விபத்துக்குள்ளானது. இங்கிலாந்து அணியில் அவரோடு ஆடிய ரோஜர் பைர்ன், டாமி டெய்லர், டங்கன் எட்வர்ட்ஸ் மூவரையும் அது கொண்டுபோனது. எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடி இறந்தார். வயது 21. அந்த வெற்றிடத்தோடு, நான்கு மாதத்தில் ஸ்வீடன் உலகக் கோப்பைக்கு அணியை அழைத்துப் போனார் ரைட். அங்கே பிரேசிலுடன் 0-0. உலகக் கோப்பை வரலாற்றில் கோல் இல்லாமல் முடிந்த முதல் ஆட்டம் அது. கிளாம்ப், ரைட், ஸ்லேட்டர் என அன்று 4, 5, 6 மூன்றும் வுல்வ்ஸ்காரர்கள். அந்த பிரேசில்தான் கோப்பையை வென்றது, அவர்களை அந்தப் போட்டியில் கோல் அடிக்கவிடாத ஒரே அணி இங்கிலாந்து. ஆனால் மற்ற ஆட்டங்களும் சமனாகி, சோவியத் யூனியனுடன் நடந்த கூடுதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்று வெளியேறினார்கள். மூன்று உலகக் கோப்பையில் கேப்டன், மூன்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை. அதையும் மறைக்கக் கூடாது.

அதே 1958ல் கல்யாணம். மணப்பெண் ஜாய் பெவர்லி, 'பெவர்லி சிஸ்டர்ஸ்' பாடகிகள் மூவரில் மூத்தவர். அன்று இங்கிலாந்து லீக்கில் ஆட்டக்காரரின் உச்சவரம்புச் சம்பளம் வாரம் 20 பவுண்டு. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது, 1961ல்தான் வரம்பை எடுத்தார்கள். ஆக, வீட்டில் சம்பாத்தியம் யாருக்கு அதிகம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1959 ஏப்ரல் 11, வெம்பிளியில் ஸ்காட்லாந்துடன் ஆட்டம். ரைட்டுக்கு 100ஆவது சர்வதேச ஆட்டம். உலகிலேயே அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள். பாபி சார்ல்டன் தலையால் அடித்த கோலில் இங்கிலாந்து 1-0. அந்த மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவுடன் ஆடியது 105ஆவதும் கடைசியும். 8-1 என்று வெற்றி. 1950ன் கடன் தீர்ந்தது என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். 1946 முதல் 1959 வரை இங்கிலாந்து ஆடிய ஆட்டங்களில் அவர் ஆடாதது மூன்றே மூன்று. 1951லிருந்து கடைசிவரை இடைவிடாமல் 70 ஆட்டம். கேப்டனாக 90. பின்னாளில் பாபி மூர் அந்த 90ஐத் தொட்டார், தாண்டவில்லை. வருகைப் பதிவேட்டில் இப்படி ஒரு பெயரை நான் பார்த்ததே இல்லை.

அந்த ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் மோலினியூவில் வுல்வ்ஸ் ஆட்களே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிய பயிற்சி ஆட்டத்தோடு விடைபெற்றார். இன்னும் ஒரு வருடம் ஆடியிருக்கலாம். கால் மெதுவாகிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லும்வரை அவர் காத்திருக்கவில்லை.

அதன்பிறகு 1962லிருந்து நான்கு வருடம் ஆர்சனலுக்கு மேனேஜர். சிறு வயதில் அவர் ஆர்சனல் ரசிகர். ஆனால் கோப்பை எதுவும் வரவில்லை, 1966ல் வேலை போயிற்று. நல்ல ஆட்டக்காரர் எல்லாரும் நல்ல மேனேஜர் ஆவதில்லை, நல்லாசிரியர் எல்லாரும் நல்ல தலைமையாசிரியர் ஆவதில்லை என்பதுபோல. பிறகு ஏ.டி.வி. தொலைக்காட்சியில் விளையாட்டுப் பிரிவுத் தலைவராகப் பல வருடம் வேலை பார்த்தார்.

1980களில் வுல்வ்ஸ் கடனில் மூழ்கி, நாலாம் டிவிஷன் வரை சரிந்தது. மைதானத்தின் இரண்டு பக்கம் ஆட்கள் உட்கார முடியாதபடி பாழடைந்து கிடந்தது. 1990ல் ஜாக் ஹேவர்ட் என்ற செல்வந்தர் கிளப்பை வாங்கினார், ரைட் இயக்குநர்களில் ஒருவராகத் திரும்ப வந்தார். மைதானத்தை இடித்துக் கட்டினார்கள். ஒரு பக்கத்துக்கு 'பில்லி ரைட் ஸ்டாண்ட்' என்று பெயர். 1993 டிசம்பரில் புதிய மோலினியூவைத் திறந்துவைக்க ஓர் ஆட்டம் வைத்தார்கள். அழைத்தது எந்த அணியை என்று நினைக்கிறீர்கள்? ஹொன்வேடை. ரைட் அதைப் பார்க்க இருந்தார். அடுத்த செப்டம்பர் 3 அன்று, எழுபது வயதில், புற்றுநோயால் காலமானார். 1996ல் அவருக்கு மைதான வாசலில் சிலை வைத்தார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அணிக்கு முன்னால் களத்துக்கு ஓடி வருவதுபோல.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தக் காணொளியை அழிக்க வேண்டாம், புஷ்காஷின் அந்த இழுப்பு பார்க்கப் பார்க்கச் சலிக்காது. அதன்கீழே விழுந்தவர் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடு.